முறைத்தே ஜெயித்தவரா பாட் சம்மிட்?

அன்புள்ள யாழினி,

கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆக வேண்டுமென்றால் கத்தத் தெரிந்திருக்க வேண்டுமா, பிள்ளைகளைத் திட்டாமல் ஜெயிக்கவைத்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டு எழுதியிருந்தாய். சாதுவான ஒரு பயிற்சியாளரின் பெயரைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்திவிடலாம். ஆனால், நன்றாகவே திட்டிய ஒருவரைப் பற்றிச் சொன்னால்தான் உன் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

அவர் பெயர் பாட் சம்மிட். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 38 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 1,098 வெற்றி, 208 தோல்வி, எட்டு தேசியப் பட்டங்கள். 2012-ல் அவர் விலகியபோது, அந்நாட்டுக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் அத்தனை வெற்றி கண்ட பயிற்சியாளர் ஆண்களிலும் இல்லை, பெண்களிலும் இல்லை. அவருடைய முறைப்பு அந்த வெற்றிகளைப் போலவே பிரபலம். நீலக் கண்களை அகல விழித்து அவர் பார்க்கும் பார்வைக்கு வீராங்கனைகள் மட்டுமல்ல, நடுவர்களும் பத்திரிகைக்காரர்களும்கூடக் கொஞ்சம் பயந்தார்கள். இன்று இணையத்தில் அவரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த முகம்தான். நீயும் அதையே பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது.

சம்மிட் 1952-ல் டென்னசி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. பால் கறப்பது, புகையிலை வயலில் வேலை செய்வது எல்லாவற்றிலும் அண்ணன்களுக்கு என்ன பங்கோ அதே பங்கு அவருக்கும். இரவானால் வைக்கோல் போட்டுவைக்கும் பரணில் பந்தாட்டம். அப்பா ரிச்சர்ட் ஹெட் பேச்சில் சிக்கனம், பாராட்டில் அதைவிடச் சிக்கனம். அப்பா தன்னை முதன்முதலாகக் கட்டி அணைத்தபோது தனக்கு வயது 43 என்று சம்மிட் பின்னாளில் சொன்னார். அதற்குள் அவர் நான்கு தேசியப் பட்டங்கள் வாங்கியாகிவிட்டது. ஆனால் அதே அப்பா, ஊர் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை என்றதும், மகள் ஆட வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே அணி இருக்கும் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிமாற்றியவர். சம்மிட்டின் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறவர்கள் பால் கறந்த கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்த வீடு மாறிய கதைதான் முக்கியமாகப் படுகிறது.

1974-ல் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்கப் போனார். உதவிப் பயிற்சியாளர் வேலையும் கூடவே என்று ஏற்பாடு. போய்ச் சேர்வதற்குள் தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். அணியில் சிலர் இவரைவிட ஒரே ஒரு வயதுதான் இளையவர்கள். வேனை ஓட்டியது இவர்தான். சீருடைகளைத் துவைத்ததும் இவர்தான். அந்தச் சீருடையும் முந்தைய ஆண்டு டோனட் விற்று வந்த காசில் வாங்கியது. வெளியூர் ஆட்டம் என்றால் சில சமயம் எதிரணியின் உள்ளரங்கிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். டிசம்பர் 7, 1974 அன்று முதல் ஆட்டம். மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரு புள்ளியில் தோற்றார்.

இதற்கிடையில் அவர் ஆட்டக்காரராகவும் இருந்தார் என்பதை மறந்துவிடாதே. கல்லூரிக் கடைசி ஆண்டில் முழங்கால் தசைநார் அறுந்து போயிருந்தது. வகுப்பெடுத்து, தானும் படித்து, அணிக்குப் பயிற்சி கொடுத்து, மிச்ச நேரத்தில் காலைத் தேற்றி, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவராக வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த ஆண்டுதான். எட்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் பயிற்சியளித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது.

இப்போது உனக்கு வேடிக்கையாகத் தெரியக்கூடிய ஒன்று. அந்தக் காலத்தில் டென்னசி பள்ளிகளில் பெண்கள் ஆடியது நீ ஆடும் ஆட்டமே அல்ல. ஓர் அணியில் ஆறு பேர். மூன்று பேர் மைதானத்தின் ஒரு பாதியில் நின்று தாக்க மட்டும் செய்வார்கள். மற்ற மூன்று பேர் மறு பாதியில் நின்று தடுக்க மட்டும் செய்வார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண்கள் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்! தடுப்பாளராக நிற்கும் பெண், பள்ளிப் படிப்பு முடியும்வரை கூடையைப் பார்த்து ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டாள். அவளை எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுத்து எடுக்கும்? ஒரு மாணவி இதை எதிர்த்து வழக்குப் போட்டபோது சம்மிட் அவள் பக்கம் சாட்சி சொன்னார். விதி மாறாவிட்டால் சொந்த மாநிலப் பெண்களை அணியில் எடுக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். உள்ளூர் ஆட்களைப் பகைத்துக்கொள்ள ஓர் இளம் பயிற்சியாளருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. 1979-ல் அந்த விதி போனது.

சரி, திட்டுக்கு வருவோம்.

தொடக்க ஆண்டுகளில் சம்மிட் கடுமைதான். ஓட வைத்தார், வாந்தி எடுக்கும்வரை ஓட வைத்தார். ஒருமுறை மொத்த அணியையும் அதன் உடைமாற்றும் அறையிலிருந்தே வெளியேற்றினார். மிஷெல் மார்சினியாக் என்ற வீராங்கனையின் ஜெர்ஸியைக் கொத்தாகப் பிடித்து, முகத்துக்கு நேரே கத்தும் புகைப்படம் ஒன்று நாடு முழுக்க வெளியானது. அந்தப் படத்தைக் காட்டி, “பாரு, இப்படித்தான் சாம்பியன் உருவாகிறார்கள்” என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பிவிடாதே. படத்துக்கு முந்திய கதை ஒன்று இருக்கிறது. 1990 செப்டம்பரில் சம்மிட் நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நிலையில் விமானம் ஏறி, பள்ளி மாணவியாக இருந்த இதே மார்சினியாக்கை அணிக்கு அழைக்க பென்சில்வேனியாவில் அவள் வீட்டுக்குப் போனார். அங்கேயே பிரசவ வலி கண்டுவிட்டது. திரும்பும் வழியில் விமானிகள் பயந்துபோய் வர்ஜீனியாவில் இறங்கலாம் என்றார்கள். கூடாது, பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த ஆண்டுதான் வர்ஜீனியா அணி அவர்களைத் தோற்கடித்திருந்தது! மகன் டைலர் நாக்ஸ்வில்லில் பிறந்தான். இத்தனைக்குப் பிறகும் மார்சினியாக் முதலில் சேர்ந்தது வேறு கல்லூரியில். பின்னர் தானாகவே டென்னசிக்கு மாறி வந்தார். 1996-ல் டென்னசி பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை அவர்தான்.

நான் படித்ததில் என்னை அதிகம் கவர்ந்தது அவருடைய ஒரு சின்ன ஏற்பாடு. பயிற்சியின்போது அவர் குறை சொன்னால், கேட்ட வீராங்கனை “ரீபவுண்ட்” என்று பதில் சொல்ல வேண்டும். பாராட்டினால் “டூ பாயின்ட்ஸ்”. அவ்வளவுதான். முகம் சுளிப்பது, முணுமுணுப்பது, காரணம் அடுக்குவது எதற்கும் இடமில்லை. ‘நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது, தவறிய பந்தைப் பிடித்துவிட்டேன்’ என்பதுதான் அந்த ஒற்றைச் சொல்லின் பொருள். சொல்கிறவருக்கும் இதில் ஒரு கடிவாளம் இருப்பதைக் கவனி. நாள் முழுக்க “ரீபவுண்ட்” மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், தான் யாரையும் பாராட்டவே இல்லை என்பது பயிற்சியாளரின் காதுக்கே தெரிந்துவிடும்.

கண்டிப்பு மைதானத்தோடு நிற்கவில்லை. வகுப்பில் அவருடைய வீராங்கனைகள் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது, அவள் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும். அணியில் தன் ஆட்டக்காலத்தை முழுதாக முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் பெற்றாள். எட்டு கோப்பைகளை விட இந்தக் கணக்குத்தான் பெரிது என்பேன். கோப்பை விஷயத்தில் கனெக்டிகட் அணி பிறகு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

டமீகா கேட்சிங்ஸ் கதையையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே காது சரியாகக் கேட்காத பெண். சிறுவயதில் மற்ற பிள்ளைகள் கேலி செய்ததால் காதுக் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு, உதடு படித்தே காலம் தள்ளியவர். டென்னசிக்கு வந்தபோதும் அப்படித்தான். கருவியை மறுபடி போட்டுக்கொள்ளும்படி அவரை இணங்க வைத்தவர் சம்மிட். ஆட்டம் அதற்கு முன்பே பிரமாதம்தான், வெறும் கோப்பைக் கணக்குப் பார்க்கிறவர் அதில் தலையிட்டிருக்கத் தேவையே இல்லை. கேட்சிங்ஸ் பிற்பாடு நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வாங்கினார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. கனெக்டிகட் அணியோடு 1995 முதல் ஆண்டுதோறும் நடந்த ஆட்டம், பெண்கள் கூடைப்பந்துக்கு நாடு முழுவதும் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கொண்டுவந்தது. 2007-ல் சம்மிட் அதை நிறுத்திவிட்டார். காரணத்தை அப்போது வெளிப்படையாக விளக்கவும் இல்லை. அவருக்கு நியாயமான மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஆனாலும் நஷ்டப்பட்டது ஆட்டம்தான்.

டென்னசியின் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வரச்சொல்லி இரண்டு முறை அணுகினார்கள். இரண்டு முறையும் மறுத்துவிட்டார். அதை ஏன் பதவி உயர்வு என்று நினைக்கிறீர்கள் என்பதே அவருடைய கேள்வி. 250 டாலரில் தொடங்கியவர், 2006-ல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் தொடங்கிவிட்டதை அவரே ஊருக்கு அறிவித்தார். மறைக்கவில்லை, உடனே ஒதுங்கவும் இல்லை. இன்னொரு பருவம் அணியோடு இருந்தார். டைம்-அவுட்டில் பேசுவது, செய்தியாளர்களைச் சந்திப்பது போன்றவற்றைப் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் ஹாலி வார்லிக், எழுபதுகளில் அவரிடமே ஆடியவர். 2012 ஏப்ரலில் பொறுப்பு அவர் கைக்குப் போனது. சம்மிட் 2016 ஜூனில், 64 வயதில் காலமானார்.

உன் கேள்விக்கு நேரடிப் பதில் வேண்டுமென்றால் 1996-97 பருவத்தைத் தேடிப் பார். முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி அந்த ஆண்டு பத்து ஆட்டங்களில் தோற்றது. சம்மிட்டுக்குப் பழைய சுபாவம்தான், ஆனால் இந்தப் பிள்ளைகளைத் திட்டத் திட்ட இன்னும் சுருண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் தட்டிக்கொடுக்கத் தொடங்கினார். ஜனவரியில் அவர்களை வீழ்த்திய ஓல்ட் டொமினியன் அணிதான் மார்ச் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது. 68-59 என்று டென்னசி வென்றது. அடுத்த பருவத்தில் 39 ஆட்டம், 39 வெற்றி.

அந்த இறுதி ஆட்டம் கிடைத்தால், 24 புள்ளி எடுத்த ஷமீக்வா ஹோல்ட்ஸ்கிளாவை எல்லாரும் பார்ப்பார்கள். நீ கெல்லி ஜாலியைப் பார். பருவத் தொடக்கத்தில் முழங்கால் தசைநார் அறுந்து, பாதியில்தான் களத்துக்குத் திரும்பினார். அன்று பந்தை யாருக்கு, எந்த நொடியில் கொடுக்கிறார் என்பதை மட்டும் கவனி. நீயும் அதே இடத்தில்தானே ஆடுகிறாய். 2019-ல் டென்னசி தன் பெண்கள் அணியை ஒப்படைத்தது அவரிடம்தான்.

அன்புடன்,
மாமா