கம்ப்யூட்டர் செஸ்: ராணியால் செக் கொடுக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி அதில் செஸ் விளையாடத் தொடங்குபவர்களுக்கு ஒரு பழக்கம் எளிதில் ஒட்டிக் கொள்ளும். ராணியால் செக் கொடுக்க வழி தெரிந்தால் உடனே கொடுத்துவிடுவார்கள். பிறகு கம்ப்யூட்டர் அந்த ராணியைத் துரத்தித் துரத்தி விரட்டும். ஆட்டம் கை நழுவிப் போகும். செக் கொடுத்தது சரியா, தவறா? இதனை நம் கம்ப்யூட்டரிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

போர்டைத் தயார் செய்திடுங்கள்

பிரவுசரில் லிசெஸ் தளத்தைத் திறக்கவும். பணம் கட்ட வேண்டாம், பதிவும் தேவையில்லை. டூல்ஸ் மெனுவில் அனாலிசிஸ் போர்டு என்பதனைக் கிளிக் செய்திடுங்கள். கட்டங்களின் பெயர் எளிது. இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை. வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை. இப்போது இந்த நகர்வுகளை வரிசையாகச் செய்யவும்.

1. வெள்ளை: இ2 சிப்பாய் இ4க்கு. கறுப்பு: இ7 சிப்பாய் இ5க்கு.
2. வெள்ளை: எஃப்2 சிப்பாய் எஃப்4க்கு. கறுப்பு: இ5 சிப்பாயால் அதனை வெட்டவும்.
3. வெள்ளை: எஃப்1 பிஷப் சி4க்கு. கறுப்பு: டி8 ராணி எச்4க்கு. செக்!

வேகமாகக் காய்களை வெளியே கொண்டு வருவதற்காக ஒரு சிப்பாயை வேண்டுமென்றே இழப்பதுதான் கேம்பிட். இது கிங்ஸ் கேம்பிட்டில் ஒரு வகை. பிஷப்ஸ் கேம்பிட் என்று பெயர்.

வரவும் செலவும்

ஜி2 சிப்பாயை ஜி3க்கு நகர்த்தி செக்கைத் தடுத்தால், கறுப்பு சிப்பாய் அதனை வெட்டிவிடும். அதனைத் திரும்ப எச்2 சிப்பாயால் வெட்டினால் எச்1ல் உள்ள யானை போய்விடும். எனவே ராஜா எஃப்1க்கு நகர்வதே நல்லது. ராஜா நகர்ந்துவிட்டதால் வெள்ளை இனிக் காசில் செய்ய முடியாது. இது கறுப்புக்கு வரவு.

அடுத்து வெள்ளை ஜி1 குதிரையை எஃப்3க்குக் கொண்டு வந்தால் ராணி தாக்கப்படும். வெள்ளைக்கு ஒரு காய் வெளியே வருகிறது. கறுப்போ ஏற்கனவே வெளியே வந்த ராணியையே மீண்டும் நகர்த்த வேண்டும். இது செலவு.

எஞ்சினிடம் கேட்கும் முறை

ராணியை நகர்த்துவதற்கு முந்தைய நிலைக்கு, இடது அம்புக்குறிக் கீயை அழுத்தித் திரும்புங்கள். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினின் பட்டனை ஆன் செய்திடவும். செட்டிங்ஸில் மல்டிபிள் லைன்ஸ் என்பதனை 3 ஆக்கினால் சிறந்த மூன்று நகர்வுகள் எண்களுடன் தெரியும். ப்ளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம்; மைனஸ் என்றால் கறுப்புக்கு. டெப்த் என்ற எண் 20ஐத் தாண்டும் வரை காத்திருக்கவும். முதல் வரியின் எண்ணைக் குறித்துக் கொண்டு, ராணியை எச்4க்கு நகர்த்தி மீண்டும் பாருங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அந்த செக்கின் விலை.

பழைய வழக்கப்படி 1.00 என்பது ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு சாதகம். 2022ல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து கணக்கு மாறியுள்ளது. எஞ்சினோடு எஞ்சின் மோதும்போது வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்றால் 1.00 காட்டும். ஆகவே 0.2, 0.3 வித்தியாசத்துக்கெல்லாம் வீட்டில் விளையாடும் நாம் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். மூன்றாவது நகர்வில் பிஷப்பை விட்டுவிட்டு பி1 குதிரையை சி3க்குக் கொண்டு வாருங்கள். பிறகு அதே ராணி செக். இப்போது எஃப்1ல் பிஷப் நிற்பதால் ராஜா இ2க்குத்தான் போக வேண்டும். அங்கே நின்று தன் ராணிக்கும் பிஷப்புக்கும் தானே வழி அடைத்துக் கொள்வார். அதே செக், மதிப்பு மட்டும் வேறு.

இரண்டு பிரபல ஆட்டங்கள்

1851ல் லண்டனில் ஆண்டர்சனுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய கீசெரிட்ஸ்கி, பிஷப்ஸ் கேம்பிட்டில் இந்த செக்கைக் கொடுத்தார். பரவலாகக் கிடைக்கும் பதிவின்படி கறுப்பின் 22 நகர்வுகளில் 8 ராணியுடையவை. கடைசியில் ராணி ஏ1 மூலையில் நிற்க, டி8ல் ராஜாவுக்குச் செக்மேட் விழுந்தது. "அழியாத ஆட்டம்" என்று புகழ் பெற்றது இதுதான். செக் மட்டுமே தோல்விக்குக் காரணமல்ல. பிறகு ராணி அலைந்த அலைச்சலில் மற்ற காய்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் ஃபிஷருக்கு எதிராக எவன்ஸும் இதே செக்கைக் கொடுத்தார். பல நகர்வுகளுக்குப் பிறகு ராணிகள் பரிமாறப்பட்டன. ராணிகள் போன பிறகு ராஜா நடுவில் நிற்பது பெரிய ஆபத்தில்லை. செக்கினால் கிடைத்த வரவு கரைந்தது, ஃபிஷர் வென்றார்.

நினைவில் கொள்ள

அடுத்த முறை ராணியைத் தொடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். செக்கினால் எனக்கு என்ன கிடைக்கிறது? எதிராளி புதிய காய் ஒன்றைக் கொண்டு வந்து என் ராணியை விரட்ட முடியுமா? ராணிகள் பரிமாறப்பட்டாலும் கிடைத்தது நிலைக்குமா? முதலில் உங்கள் பதிலைத் தாளில் எழுதுங்கள். பிறகு எஞ்சினை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் கற்றுக் கொள்வது நீங்களாக இருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: இணையத்தில் மற்றவருடன் விளையாடும்போது எஞ்சினைத் திறக்கவே கூடாது. அது மோசடி, அக்கவுண்ட்டும் பறிபோகும். ஆட்டம் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அலசிப் பாருங்கள்.