சம வேலைக்குச் சம சம்பளம்: மலைநாடு தரும் பாடம்



பெண்ணுக்கு ஏன் குறைந்த சம்பளம் என்று கேட்டால், நமது தேயிலைத் தோட்டங்களிலே நெடுங்காலமாக ஒரே பதில்தான் கிடைத்து வந்தது. குடும்பத்தைத் தாங்குபவன் ஆண். பெண்ணின் உழைப்பு அதற்கு ஒத்தாசை. இது வெறும் வாய்ப்பேச்சு அன்று. சட்டத்திலேயே ஏறியிருந்த எண்ணம்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், உயர்ந்த மலைப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. 11 சதம் தானே என்று எண்ணிவிடாதீர்கள். மாதத்தில் 25 நாள் வேலை செய்தவளுக்கு அது 2 ரூபா 75 சதம். அவளுடைய ஆறு நாட் சம்பளத்துக்கும் மேலான தொகை!

பெண்ணுக்கு இலேசான வேலை என்றும் ஒரு நியாயம் சொன்னார்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவான மலையில் நின்று கொழுந்து பறித்து, கூடையைச் சுமந்து நிறுவைக்கு வருகிறவளின் வேலை இலேசானதா? கொழுந்து இல்லையேல் தொழிற்சாலை இல்லை. கவ்வாத்து வெட்டும் ஆணின் வேலை கடினமானது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் தோட்டத்தின் வருமானம் பெண்ணின் விரல்களிலேதான் இருந்தது.

இந்த அநீதியை எதிர்த்த வரலாற்றில் ஒரு தம்பதியை நாம் அறிந்திருக்க வேண்டும். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் வீட்டோடு இருந்துவிடவில்லை. மேடையேறித் தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். பெண் மேடையேறுவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. அவருக்கு மேடையில் இடம் விட்டதை நடேசய்யரின் சேவைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

எனினும் சம்பளம் சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை அடுத்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட் சம்பளம் வந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆண்களும் வேலையை நிறுத்தித் தங்கள் சம்பளத்தை இழந்து நின்றார்கள். பெண்ணுக்குக் கூடினால் தனக்குக் குறையும் என்று ஒதுங்கியிருந்தால், பெண்கள் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? மனைவிக்கு வரும் கூடுதல் பணம் அதே லயத்து அடுப்பில்தானே வேகிறது!

சம்பளம் சமமானதால் எல்லாம் சமமாகிவிடவில்லை. பல தோட்டங்களில் ஆண் தன் பங்கு வேலையை முடித்துவிட்டு மத்தியானமே வீடு திரும்புவான். பெண் மாலை நிறுவை வரை மலையில் நிற்பாள். வந்தபின் விறகும் தண்ணீரும் சமையலும் அவள் தலையிலேதான். பறிப்பவர்கள் பெண்களாயிருக்க, மேற்பார்க்கும் கங்காணியும் சங்கத்தின் தோட்டத் தலைவரும் பெரும்பாலும் ஆண்களே. மாதர் தலைவி என்று ஒருவர் இருப்பார். கூட்டத்திலே அவருக்குப் பேச்சு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஆண்கள் துணை நிற்பது என்றால் பெண்ணுக்காகத் தாமே பேசிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது போதாது. சங்கக் கூட்டத்தை அவள் வரக்கூடிய வேளையில் வைப்பதும், அவள் போய்வரும் வரை பிள்ளையைப் பார்த்துச் சோற்றை இறக்கி வைப்பதும், அவள் சம்பளத்தை அவள் கையிலேயே வாங்க விடுவதும் பெரிய உதவிகள். மலையிலே கழிப்பிட வசதி வேண்டும் என்று பெண் கேட்கும்போது சிரிக்காமல் இருப்பதும் ஓர் உதவியே.

நகரத்தில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. சம வேதனம் பற்றிய 1951ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்று உறுதி செய்தது. சம்பளச் சீட்டை மாதந்தோறும் பத்திரமாக வைத்திருக்கும்படி மகளுக்குச் சொல்லுங்கள். குறை கண்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடும்போது, முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.