டாக்வுட் பழம்: சட்டியில் போடும் முன் செடியைப் பாருங்கள்

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுப் பின்பக்க வேலியோரம் ஒரு புதர். பனிக்காலத்தில் இலை கொட்டியபின் அதன் குச்சிகள் குங்குமம் பூசியதுபோல் சிவந்து நிற்கின்றன. கோடை முடிவில் மிளகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பழங்கள் கொத்தாகக் காய்க்கின்றன. நாற்றுப்பண்ணையில் விசாரித்தால் 'டாக்வுட்' என்றார்களாம். டாக்வுட் பழம் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நல்லது என்று கேள்விப்பட்ட அவருடைய மாமியார், உப்பில் ஊறப்போடச் சட்டியைக் கழுவி வைத்திருக்கிறார். "போடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னதும் சரி, மாமியார் கேள்விப்பட்டதும் அடியோடு பொய்யல்ல. ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு செடிகளைப் பற்றி.

டாக்வுட் என்பது ஒரு செடியின் பெயரல்ல. 'கார்னஸ்' என்ற பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். அவற்றை நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். வெள்ளை, நீலம், கறுப்பு நிறத்தில் சிறு பழம் காய்ப்பவை ஒரு கூட்டம். உங்கள் வேலியோரத்துச் செடி இதைச் சேர்ந்தது: கார்னஸ் செரிசியா. பழம் கசக்கும், அளவு கூடினால் குமட்டும். பெரிய வெள்ளை 'இதழ்' விரிப்பவை இன்னொரு கூட்டம். அவை இதழே அல்ல, பூவடிச் செதில்கள். இந்தக் கூட்டத்திலும் ஒன்றைப்போல் ஒன்றில்லை. அமெரிக்காவின் கார்னஸ் புளோரிடாவின் சிவப்புப் பழம் மனிதர் தின்ன ஏற்றதல்ல. கிழக்காசியாவின் கார்னஸ் கௌசாவின் பழமோ, சொரசொரத்த தோலுக்குள் கூழாக இனிக்கும். தரையோடு படரும் குட்டை வகைகள் மூன்றாவது. நான்காவதுதான் மாமியார் கேள்விப்பட்ட கூட்டம்: மஞ்சள் பூ பூத்து, சிவப்புப் பழம் காய்க்கும் கார்னேலியன் செர்ரி. பெயரில் செர்ரி இருந்தாலும் செர்ரிக்கும் இதற்கும் உறவில்லை. செர்ரி ரோஜாக் குடும்பம், இது கார்னேசி.

அந்தக் கார்னேசியில் நம் அழிஞ்சிலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வறண்ட காட்டில் வளருமே, அதேதான். முன்பு தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள், இன்றைய மரபணு வகைப்பாடு கார்னஸோடு சேர்த்துவிட்டது. அழிஞ்சில் பழத்தைத் தின்கிறார்கள். அதன் வேர்ப்பட்டை வாந்தியெடுக்க வைக்கும். ஒரே மரத்திலேயே இப்படியென்றால், ஒரே குடும்பம் என்பதை நம்பி எதையும் வாயில் வைக்க முடியாது.

ஒரு செடி கார்னஸ்தானா என்று பார்க்க நான் செய்வது இது. ஓர் இலையைப் பறித்து, குறுக்கே மெதுவாகக் கிழித்து, இரண்டு துண்டையும் சற்றே விலக்குகிறேன். நரம்புகளுக்குள்ளிருந்து சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் நீளும், கீழ்த்துண்டு அந்த இழைகளில் தொங்கும். நீர் கடத்தும் குழாய்களில் சுருளாக அமைந்த தடிப்புகள் பிரிந்து வருவதால் இப்படி. நரம்புகள் இலை விளிம்பை நெருங்கியதும் நுனி நோக்கி வில்லாக வளைவதையும் பாருங்கள். பேரினம் தெரிந்துவிடும். ஆனால் எந்தச் சிற்றினம் என்று பூவும் பழமும்தான் சொல்லும்.

கார்னேலியன் செர்ரியின் தாவரப் பெயர் கார்னஸ் மாஸ். 'மாஸ்' என்றால் லத்தீனில் ஆண். கட்டை அவ்வளவு உறுதி, தண்ணீரில் போட்டால் மூழ்கும். பழைய கிரேக்கர்கள் ஈட்டிக் காம்புக்கு இதைத்தான் தேடினார்கள். குளிர் விலகும் முன்பே, இலை துளிர்க்காத கிளையில் மஞ்சள் பூக் கொத்துகள் வரும். ஆகஸ்டு, செப்டம்பரில் ஈச்சம்பழம் அளவில் நீள்வட்டப் பழம், உள்ளே ஒற்றைக் கொட்டை. துருக்கியில் கிசில்ஜிக், ஈரானில் சொகால் அக்தே, ஜார்ஜியாவில் ஷிண்டி. சர்பத்தாகவும் ஜாமாகவும் கறிக்குப் புளிப்பாகவும் அங்கெல்லாம் அன்றாடம் புழங்குவது. சுவையைக் கேட்டால் களாக்காயைத்தான் சொல்வேன்: முதலில் புளிப்பு, பிறகு நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. சிவந்ததும் பறித்தால் ஏமாற்றம்தான். கருஞ்சிவப்பாகி, தொட்டதும் கையில் உதிரும் பழத்தில்தான் இனிப்பு இருக்கும்.

மருத்துவ குணம் பற்றி. வைட்டமின் சி உண்டு. சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின்கள் உண்டு. துவர்ப்புக்குக் காரணம் டானின். வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுக்கும் வழக்கம் அதனால்தான். லோகானிக் அமிலம் போன்ற இரிடாய்டுகளும் இருக்கின்றன. ஈரானில் இரத்தக் கொழுப்பு கூடிய சிறுவர்களுக்கு நாளுக்கு 100 கிராம் பழத்தை ஆறு வாரம் கொடுத்தார்கள், கொழுப்பு குறைந்தது. சர்க்கரை நோயாளிகள் 60 பேரிடம் பழச்சத்து மாத்திரையை அதே ஆறு வாரம் சோதித்ததில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறைந்ததாக 2015-இல் வெளியிட்டார்கள். மூன்று மாதக் கணக்குக் காட்டும் சோதனையை ஆறு வாரத்தில் எடுத்துச் சொல்லும் முடிவு எனக்குப் போதாது. இவை நல்ல தொடக்கம், அவ்வளவே. இதை நம்பி மெட்பார்மினை நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பழச்சத்து மாத்திரை வாங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜாம், சர்பத் என்றால் பழத்தைவிடச் சீனியே அதிகம் உள்ளே போகும்.

சீன மருந்துக் கடைகளில் 'ஷான் சூ யூ' என்று சுருங்கிய சிவப்புத் தோல்போல விற்பது கார்னேலியன் செர்ரியின் அண்ணன் தம்பி, கார்னஸ் ஆபிசினாலிஸ். கொட்டை நீக்கி உலர்த்திய சதை. அது பெரும்பாலும் மற்ற மூலிகைகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மருந்து. வைத்தியர் இல்லாமல் கஷாயம் வைக்க வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் கார்னஸ் மாஸ் வைக்கலாம், ரொறன்ரோவின் குளிர் அதற்குத் தோதானது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ளவர்கள் முயல வேண்டாம், குளிர்காலம் இல்லாமல் அது பூக்காது. விதை முளைக்க இரண்டு வருடம்கூட எடுக்கும், ஆகவே ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். வெவ்வேறு ரகத்தில் இரண்டு வைத்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். வாங்கும்போது டாக்வுட் என்று கேட்காமல் கார்னஸ் மாஸ் என்று கேட்டு, சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியாரிடம் சட்டியைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கார்னஸ் மாஸின் முற்றாத பச்சைக் காயை ஆலிவ் போல உப்புநீரில் ஊறப்போடும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்திருக்கிறது. மரம் காய்க்கச் சில வருடம் ஆகும்.