சிறிய எஸ்டிமேட்டில் பெரிய திகில்

வெளி மாநிலத்தில் வாழும் நாம் பிள்ளைகளை டாக்டராகவோ இன்ஜினீயராகவோ ஆக்கப் பாடுபடுகிறோம். அவர்களில் ஒருவர் 'சினிமா எடுக்கப் போகிறேன்' என்று சொன்னால், 'பணத்துக்கு எங்கே போவாய்?' என்றுதான் முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். அதற்கு அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டரின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

1948-ல் பிறந்த கார்பென்டர் கென்டக்கி மாநிலத்தில் வளர்ந்தவர். தந்தை இசைப் பேராசிரியர். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா பயின்றபோது தொடங்கிய 'டார்க் ஸ்டார்' 1974-ல் வெளிவந்தது. செலவு சுமார் 60,000 டாலர். 1976-ல் வந்த 'அசால்ட் ஆன் பிரிசிங்ட் 13', மூடப்படவிருக்கும் ஒரு போலீஸ் நிலையத்தை ரவுடிக் கும்பல் இரவில் முற்றுகையிடும் கதை. உள்நாட்டில் சரியாகப் போகாத அந்தப் படத்துக்கு மறு ஆண்டு லண்டன் திரைப்பட விழாவில் நல்ல பாராட்டுக் கிடைத்தது.

அவருக்குப் பெரும் புகழ் தந்தது 'ஹாலோவீன்' (1978). கையில் இருந்தது சுமார் 3 லட்சம் டாலர். படப்பிடிப்புக்கு ஏறக்குறைய 20 நாட்கள். ரயில்வேயில் எங்களுக்கு மூன்று மணி நேரம் லைன் பிளாக் கிடைத்தால், அதற்கு முன்பே தண்டவாளமும் ஸ்லீப்பரும் ஆட்களும் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். பிளாக் தொடங்கிய பிறகு யோசிக்க நேரமிருக்காது. கார்பென்டரும் இணைக் கதாசிரியரும் தயாரிப்பாளருமான டெப்ரா ஹில்லும் அப்படித்தான் வேலை செய்தார்கள்.

கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில், இலையுதிர் காலத்தில். படம் எடுத்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். ஆகவே இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் பூசித் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கி எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். கொலைகாரனின் முகமூடி இரண்டு டாலருக்கும் குறைவான கடைச் சரக்கு. அதற்கு வெள்ளை அடித்தார்கள். பெயர் பெற்ற நடிகர் டொனால்ட் ப்ளெசன்ஸை ஐந்து நாட்களுக்கு மட்டுமே அமர்த்தினார்கள்.

ஆனால் அகன்ற திரைக்கான பானாவிஷன் கேமராவில் அவர் சிக்கனம் பார்க்கவில்லை. திரையின் ஓரத்து இருட்டில் யாரோ நிற்பது போன்ற அச்சம் அதனால் வந்ததுதானே! இசையையும் தாமே சில நாட்களில் அமைத்தார். இசை சேர்க்காமல் காட்டியபோது அந்தப் படம் ஒரு ஸ்டூடியோ அதிகாரியைப் பயமுறுத்தவே இல்லையாம். எழுத்து, இயக்கம், இசை மூன்றுக்கும் அவர் பெற்றது 10,000 டாலரும் லாபத்தில் ஒரு பங்கும். வசூலோ உலகெங்கும் சுமார் 7 கோடி டாலர்!

பிறகு பெரிய ஸ்டூடியோ அழைத்தது. சுமார் 1.5 கோடி டாலர் செலவில் 'தி திங்' (1982) எடுத்தார். எதிர்பார்த்த வசூல் இல்லை, விமர்சகர்கள் கடிந்தார்கள், கைக்கு வரவிருந்த அடுத்த படமும் போயிற்று. இன்று அதே படத்தை அவருடைய தலைசிறந்த படைப்பாகப் பலர் போற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

1986-ல் இன்னொரு பெரிய படமும் தோற்றது. அதன் பின் அவர் மீண்டும் சிறிய எஸ்டிமேட்டுக்கே திரும்பினார். சுமார் 30 லட்சம் டாலரில் 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' (1987), அடுத்து 'தே லிவ்' (1988). பணம் குறைவு, ஆனால் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற முடிவு அவர் கையில் இருந்தது. விளம்பரங்களுக்குள் மறைந்திருக்கும் கட்டளைகளை ஒரு கறுப்புக் கண்ணாடி வழியே காட்டும் 'தே லிவ்', இன்றும் பேசப்படுகிறது.

சுதந்திரமாகப் படம் எடுப்பது என்றால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று பொருளல்ல. கணக்கைத் தானே கறாராகப் பார்ப்பது. எனவே உங்கள் வீட்டுப் பிள்ளை சினிமா என்று வந்து நின்றால், 'பணத்துக்கு எங்கே போவாய்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இருக்கிற பணத்தில் எதை விட்டுக் கொடுப்பாய், எதை விடமாட்டாய்?' என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளையைத் தாராளமாக நம்பலாம்.

ஒரு சொல்: இவை பெரியவர்களுக்கான படங்கள். சிறுவர்களை உடன் உட்கார வைத்துப் பார்க்க வேண்டாம்.