களாப் புதர்

நுழையும்முன்

ஒரு தோட்டத்தின் அழகை அதன் மலர்களைக் கொண்டும் புல்வெளியைக் கொண்டும் மதிப்பிடுவது இன்றைய வழக்கம். அங்கு எத்தனை பறவைகள் கூடுகட்டின என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தமிழ்நிலத்தில் இயல்பாக வளரும் களா என்னும் முட்செடி, தோட்டத்திற்கு வரும் உயிர்களுக்கு எவ்வாறு உணவாகவும் அரணாகவும் விளங்குகிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாடம்

ஊர்ப்புறத்து மேட்டுநிலத்தில் ஆளுயரம் அடர்ந்து நிற்கும் செடிகளைக் கண்டதும் அவற்றை வெட்டித் துப்புரவு செய்யவேண்டும் என்னும் எண்ணமே பலருக்கும் முதலில் எழுகிறது. ‘புதர் மண்டிக் கிடக்கிறது’ என்னும் தொடரே பழிச்சொல்லாகிவிட்டது. வெட்டிய இடத்தில் கம்பிவேலி எழுகிறது. அல்லது மதிற்சுவர் எழுகிறது. நிலம் தூய்மையாகிவிட்டதாக மனிதர் கருதும் அதே வேளையில், அங்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வந்த கொண்டைக்குருவிக்கு அவ்வாண்டு வீடில்லாமற் போகிறது. அவ்வாறு வெட்டப்படும் செடிகளுள் ஒன்றே களா.

களா, அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளையை ஒடித்தால் பால் வடியும். இலைகள் தடித்துப் பளபளக்கும். கோடையிலும் பசுமை மாறா. பெருங்களா, சிறுகளா என இதில் இருவகை உண்டு. வீட்டில் ஊறுகாய் போடப் பயன்படுவது பெருங்களாவின் காய். சிறுகளா வறண்ட புதர்க்காடுகளிலும் கடலோரக் கோயிற்காடுகளிலும் தானே முளைத்து வளர்வது. சென்னைப் பெருநகரின் நடுவே ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்து, 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில் இன்றும் சிறுகளாவைக் காணலாம். சுற்றிலும் கட்டடங்கள் சூழ்ந்த பின்னும் அங்கே மான்களும் பறவைகளும் நிலைத்திருப்பதில் இத்தகைய முட்புதர்களுக்கும் பங்குண்டு.

இலக்கியத்திற்கும் இச்செடி அயலன்று. யாழின் கரிய தண்டிற்குக் களாவின் கனியைப் பழம்புலவர் உவமை கூறினர். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய சேர மன்னனின் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். முடிசூடும் வேளையில் உரிய கண்ணியும் முடியும் கிடைக்காமையால், களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து அவன் சூடினான் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் காரணம். அரசனின் தலையில் ஏறிய காய் இன்று வேலியோரத்திலும் இடமின்றித் தவிக்கிறது.

முள் தரும் காவல்

களாவின் முட்கள் வலியவை. பல கவடுபட்டு இரட்டையாக நிற்கும். ஆடு மேயத் தயங்கும் இந்த முட்களே தோட்டக்காரர் இச்செடியை வெறுப்பதற்கும் காரணம். சிறு பறவைக்கோ இவையே கோட்டை மதில். கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, கதிர்க்குருவி போன்றவை உயர்ந்த மரங்களைவிடத் தாழ்ந்த புதர்களையே கூடுகட்ட மிகுதியும் நாடுகின்றன. பூனை ஏற முடியாத, காகம் எளிதில் தலைநுழைக்க முடியாத, வல்லூறு பாய்ந்து இறங்க இயலாத இடம் அவற்றிற்குத் தேவை. தோட்டத்தில் தீனித்தட்டும் நீர்க்கிண்ணமும் வைத்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரு புதரும் இல்லாமற் செய்தால், அது பறவைகளை வேட்டையாடும் பூனைக்கு விருந்து வைத்ததாகவே முடியும்.

முட்புதரின் காவல் பறவைகளோடு நிற்பதில்லை. கனி தின்ற பறவை புதரின் கிளையில் அமர்ந்து எச்சமிடுகிறது. அதனுடன் வேம்பு முதலிய பிற மரங்களின் விதைகளும் விழுகின்றன. திறந்தவெளியில் விழுந்த விதை வெயிலில் கருகலாம். முளைத்தாலும் ஆட்டின் வாய்க்கு இரையாகலாம். களாவின் நிழலில் விழுந்த விதையோ ஈரத்தில் முளைத்து, முள்ளின் மறைவில் தழைக்கிறது. சில ஆண்டுகளில் புதரின் நடுவிலிருந்து ஒரு மரம் தலைநீட்டுவதைக் காணலாம். பிறர் பிள்ளையை வளர்த்தெடுக்கும் செவிலித்தாயின் தொழிலை இம்முட்செடி செய்கிறது. புதரை அழித்துவிட்டு அதே இடத்தில் மரக்கன்று நட்டு, அதைச் சுற்றி இரும்புக்கூண்டு அமைப்பது நகைப்பிற்குரிய முரண் அல்லவா?

பூவும் கனியும்

கோடையில் கிளைநுனிகளில் கொத்துக் கொத்தாகக் களா பூக்கும். வெண்ணிறமும் நறுமணமும் மெல்லிய நீண்ட குழலும் கொண்ட பூ அது. நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சிகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் ஏற்ற வடிவம். அரளியிலையைத் தின்று வளரும் பருந்து அந்துப்பூச்சியின் பச்சைப்புழு களாவின் இலையையும் உண்ணும். இலையில் ஓட்டை கண்டவுடன் பூச்சிமருந்து தெளிப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கனியுண்ணும் பறவைகளுட் பல, தம் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டுகின்றன. புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது.

காய் பச்சையாகத் தோன்றிச் செம்மை படர்ந்து, முற்றிப் பழுக்கும்போது கருநீலமாகிறது. ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கருமை மூன்றும் ஒருங்கே இருக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுத்துத் தீர்வதில்லை என்பதே இதன் சிறப்பு. பல வாரங்கள் நாள்தோறும் சில கனிகள் பறவைக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். குயில், நாகணவாய், கொண்டைக்குருவி ஆகியன இக்கனியைத் தேடி வருகின்றன. ஒருநாள் விருந்து படைக்கும் மரங்களும் உண்டு. களா அன்றாடம் சோறிடும் வீடு போன்றது.

மனிதருக்கும் இதில் பங்குண்டு. புளிப்பு மிக்க காய் ஊறுகாய்க்கு உதவும். ரொட்டிக்கடையில் இனிப்புப் பண்டத்தின் உச்சியில் ‘செர்ரி’ என்னும் பெயரில் அமர்ந்திருக்கும் சிவந்த உருண்டையும் பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறிச் சாயம் ஏற்ற களாக்காயே. தோட்டத்தில் பறிப்போர் கைக்கெட்டும் காய்களோடு நிறுத்திக்கொண்டு, உச்சிக் கொத்துகளைப் பறவைக்கு விடுவது முறை.

உண்ணிச்செடியும் கனி தருகிறதே, பறவைகள் அதையும் உண்கின்றனவே, களாதான் வேண்டுமா என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாதான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுச்செடியாக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது உண்ணிச்செடி. அதன் கனியை உண்ட பறவைகளே அதைக் காடெங்கும் விதைத்தன. அது படர்ந்த இடத்தில் புல் குன்றுகிறது. அதன் இலை கால்நடைக்கு நஞ்சு. பறவை உண்பதால் மட்டுமே ஒரு செடி நல்லதாகிவிடாது. மண்ணில் உள்ள பிற உயிர்களோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த செடியே, தான் பெருகும்போது பிறவற்றையும் பெருக விடுகிறது.

வளர்க்கும் முறை

களாவை வளர்ப்பது எளிது. பொறுமை மட்டும் வேண்டும். நன்கு பழுத்த கனியைப் பிசைந்து சதையை நீக்கி, விதையை உடனே விதைக்கவேண்டும். நாட்பட்ட விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். கன்று முதலாண்டில் மெல்லவே வளரும். மழைக்காலத் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றடி இடைவெளியில் வரிசையாக நட்டால், சில ஆண்டுகளில் ஆடு நுழையாத உயிர்வேலி உருவாகும். வேர் ஊன்றியபின் வறட்சியைத் தாங்கும். உரமும் பெரிதாக வேண்டுவதில்லை.

பள்ளியில் நடுவதாயின் நடைபாதைக்கும் விளையாடும் இடத்திற்கும் விலகி, எல்லையோரத்தில் நடுவது நல்லது. புதர் என்றால் பாம்பு வருமே என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஆதலின் புதரடியில் குப்பையும் கல்லும் குவியாமல் பார்த்துக்கொள்வதும், உள்ளே கைநுழைக்காதிருப்பதும் இன்றியமையாதன.

கத்தரிக்கும் காலத்தில் கவனம் தேவை. பூக்கள் கிளைநுனியில் தோன்றுவதால், கோடைக்குச் சற்றுமுன் வெட்டினால் அவ்வாண்டுப் பூவும் கனியும் போய்விடும். கோடையிலும் அதனை அடுத்தும் வெட்டினால் கூடுகள் சிதையும். கனிகள் தீர்ந்து, கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டதைக் கண்டறிந்தபின், ஐப்பசி மழையை ஒட்டிக் கத்தரியை எடுக்கலாம். அப்போதும் கிளையை விலக்கி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டே வெட்டவேண்டும்.