பயணத்தில் படுத்துக் கிடந்தால் பாவமா?

ஆறு மாதம் லீவு போட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கூடவே சில நம்பிக்கைகளையும் சுமந்து போகிறார்கள். நானும் சுமந்தேன்.

நம்பிக்கை: உடம்பு திடமாக இருந்தால் ஓய்வு வேண்டாம்.

உண்மை: டெல்லியிலிருந்து லடாக்கின் லேவுக்கு விமானத்தில் போய்ப் பாருங்கள். டெல்லி கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். லே சுமார் 3,500 மீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரத்தில் இறங்கும் உடம்புக்கு, குறைந்த ஆக்சிஜனோடு பழக நாள் பிடிக்கும். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் அதே கதிதான். சொல்லப்போனால், தெம்பு இருக்கிறதே என்று முதல் நாளே மேடேறுகிறவர்தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நான் உட்கார்ந்தது சாந்தி ஸ்தூபிக்குப் போகும் படிக்கட்டில், பாதி வழியில். மண்டை இடி, குமட்டல். தள்ளாடித் திரும்பியபோது, தங்கியிருந்த வீட்டு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் பிளாஸ்க்கை அறை வாசலில் வைத்துவிட்டு, தூங்கு என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் ஜன்னலோரம்தான். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஆப்ரிகாட் பழங்கள் காய்ந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மலையேறிகளுக்கு இப்படி நின்று பழகுவது கிட்டத்தட்டச் சட்டம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடப்பவர்கள் நாம்சே பஜாரில் இரண்டு இரவு தங்குவது மோமோ தின்பதற்காக அல்ல.

நம்பிக்கை: ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொள்ளலாம், தினம் ஓர் ஊர் பார்த்துவிடலாம்.

உண்மை: லாட்ஜ் வாடகை மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். தூக்கம்தான் மிச்சமில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி அவ்வளவு ஆழமாக உறங்குவதில்லை என்று காட்டியது. ஏதாவது சத்தம் வருகிறதா என்று காவல் இருக்கிறதாம். இடம் பழகிவிட்டால் காவலும் தளர்ந்துவிடும். தினம் ஓர் ஊர் என்றால் தினமும் முதல் இரவுதானே?

நம்பிக்கை: சும்மா இருக்கும் நாள் காசுக்குக் கேடு.

உண்மை: டிக்கெட், ஆட்டோ, நுழைவுக் கட்டணம், பார்க்கிறதையெல்லாம் வாங்கும் கை எல்லாம் அன்றைக்கு ஓய்வெடுக்கின்றன. துணியும் துவைத்துக் காய்ந்துவிடும்.

நம்பிக்கை: நிற்காமல் போகிறவன்தான் அசல் பயணி.

உண்மை: ஓரிடத்தில் நிலையாகத் தங்கக் கூடாது என்பதையே விரதமாகக் கொண்ட சமணத் துறவிகள், மழைக்காலத்தின் நான்கு மாதமும் ஓர் ஊரை விட்டு நகர்வதில்லை. ஈர மண்ணில் ஊரும் உயிர்களை மிதித்துவிடக் கூடாதே என்பது காரணம். பௌத்தத் துறவிகளுக்கு அது மூன்று மாதம். இந்து சந்நியாசிகளுக்கும் சாதுர்மாஸ்யம் என்ற மழைக்காலத் தங்கல் உண்டு. நடப்பதற்கு விதி எழுதியவர்கள் உட்காருவதற்கும் எழுதி வைத்தார்கள். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

லேயில் நான்காம் நாள், சாந்தி ஸ்தூபியின் அதே படிக்கட்டில் ஏறினேன். இருபது படிக்கு ஒருமுறை நின்றேன். கையில் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுழற்றியபடி ஒரு லடாக்கி பாட்டி, சாவகாசமாக என்னைத் தாண்டிப் போனார்.