குறைத்துப் பெற்ற விரைவு

ஓர் ஊர்தியின் விரைவைக் கூட்ட எந்திரத்தின் ஆற்றலைப் பெருக்குவது ஒரு வழி. ஊர்தியின் எடையைக் குறைப்பது மற்றொரு வழி. இரண்டாம் வழியையே தன் அடையாளமாக்கிக் கொண்டது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். அதன் தொழிற்சாலையில் உருவான மகிழுந்துகளை நேரில் காண்போர் அறியும் உண்மைகளையும், எடைக்குறைப்பின் எல்லை எது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓடுபாதையின் ஓரத்தில்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில் வயல்கள் சூழ அமைந்துள்ள சிற்றூர் ஹெத்தல். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்த தளத்திலிருந்து புறப்பட்டன. போருக்குப் பின்னர்க் கைவிடப்பட்ட அத்தளத்திற்கு 1966ஆம் ஆண்டு லோட்டஸ் தொழிற்சாலை இடம்பெயர்ந்தது. விமானங்கள் ஓடிய பாதையின் பகுதிகள் மகிழுந்துகளைச் சோதிக்கும் தடமாக மாறின.

லோட்டஸின் புகழ்பெற்ற படைப்பு, 1996இல் விற்பனைக்கு வந்த எலீஸ். ஒளிப்படங்களில் மட்டும் அதனைக் கண்டவர்கள் நேரில் பார்க்கும்போது முதலில் வியப்பது அதன் சிற்றுருவைக் கண்டுதான். அதன் நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். அருகில் நிற்பவர் குனிந்துதான் அதன் இருக்கையைக் காண இயலும். எந்திரக் கரங்களின் நீண்ட அணிவகுப்பு இன்றிப் பணியாளர்களின் கைகளாலேயே அதன் உறுப்புகள் பொருத்தப்பட்டன.

பசையால் இணைந்த சட்டகம்

மேலுறை பொருத்தப்படாத நிலையில் காணும்போதுதான் எலீஸின் நுட்பம் புலப்படும். அதன் அடிச்சட்டகத்தின் எடை 68 கிலோ மட்டுமே. ஏறத்தாழ ஒரு மனிதரின் எடை. அச்சில் இட்டு அழுத்தி வடிக்கப்பட்ட அலுமினியத் துண்டுகளால் ஆனது அது. அத்துண்டுகளை இணைக்கப் பற்றவைப்பு முறையைப் பொறியாளர்கள் நாடவில்லை. பற்றவைக்கும் வெப்பத்தால் அலுமினியம் வலிமை குன்றும். அதனை ஈடுசெய்யத் தடித்த துண்டுகள் தேவைப்படும். எனவே எப்பாக்சி என்னும் வலிய பசையால் துண்டுகள் ஒட்டப்பட்டன. மோதலின்போது ஒட்டு பிரிந்துவிடாமல் திருகாணிகளும் துணைநின்றன. மேலுறை கண்ணாடி இழையால் ஆனது.

முதல் எலீஸின் மொத்த எடை ஏறத்தாழ 725 கிலோ. எந்திரத்தின் ஆற்றல் 118 குதிரைத்திறன். இதைப்போல் இருமடங்கு எடையுள்ள மகிழுந்து இதே முடுக்கத்தைப் பெற, ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் வேண்டும். ஆற்றல் மிகுந்தால் எந்திரம் பெருக்கும். எந்திரம் பெருத்தால் அதனைத் தாங்கும் சட்டகமும் நிறுத்தும் பிரேக்கும் பெருக்கும். ஓரிடத்தில் கூடும் எடை வேறோரிடத்தில் எடையைக் கூட்டும். ஓரிடத்தில் குறையும் எடையோ எல்லா இடங்களிலும் குறைவுக்கு வழிவகுக்கும்.

எண்ணத்தின் ஊற்று

இச்சிந்தனைக்கு வித்திட்டவர் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன் (1928–1982). இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்ற அவர், ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி, ‘இது தேவைதானா? ஒரே உறுப்பு இரு பணிகளைச் செய்ய இயலாதா?’ என்னும் வினாக்களை எழுப்பினார். 1962இல் அவர் உருவாக்கிய லோட்டஸ் 25 பந்தய மகிழுந்தில் குழாய்களால் ஆன தனிச்சட்டகம் இல்லை. உலோகத் தகடுகளால் அமைந்த உடலே சட்டகமாகவும் விளங்கியது. எடை குறைந்தது, விறைப்பு மிகுந்தது. 1963ஆம் ஆண்டு உலகப் போட்டியின் பத்துப் பந்தயங்களுள் ஏழில் ஜிம் கிளார்க் அம்மகிழுந்தில் வென்று வாகை சூடினார்.

எல்லை எது?

மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கருத்து. சுமை அளவறிந்து ஏற்றப்பட வேண்டும். குறைத்தலுக்கும் அவ்வாறே அளவு உண்டு. லோட்டஸ் அணியின் வீரரான யோகன் ரிண்ட், 1969இல் சாப்மனுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். சிறிதளவு எடை கூடினாலும் வலுவற்ற உறுப்புகளை வலுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு இத்தாலியின் மோன்சா தடத்தில் நிகழ்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். முன்சக்கர பிரேக்கின் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் எனக் கருதப்பட்டது. தடத்தின் ஓரத்தடுப்பிலிருந்த குறையும் உயிரிழப்புக்குக் காரணமாயிற்று. அவ்வாண்டின் உலகப் பட்டம், மறைந்த ரிண்டுக்கே உரியதாயிற்று. தேவையற்றதை நீக்குவது அறிவு. தேவையானதை இனங்கண்டு காப்பது பொறுப்பு. இரண்டும் இணையும்போதே பொறியியல் முழுமை பெறுகிறது.

தொடரும் வினா

எலீஸின் உற்பத்தி 2021இல் நிறைவுற்றது. அதற்கு முன்பே, 2008இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டர் என்னும் மின் மகிழுந்து எலீஸின் கட்டமைப்பைத் தழுவி உருவானது. அதன் உடற்பகுதிகளும் ஹெத்தலிலேயே அமைக்கப்பட்டன. ஆனால், அதன் மின்கலத் தொகுதி மட்டுமே ஏறத்தாழ 450 கிலோ எடை கொண்டது. புகையில்லாப் பயணத்தை நல்கும் மின்கலம், பெருஞ்சுமையையும் உடன் கொண்டுவருகிறது. எடை மிகுந்த ஊர்தியை நகர்த்த மின்னாற்றலும் மிகுதியாகவே செலவாகும். எனவே, ‘இது தேவைதானா?’ என்னும் பழைய வினா, நாளைய பொறியாளர்களின் முன்னும் நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் மகிழுந்தின் உற்பத்தி உரிமையை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது. அவ்வடிவம் இன்றும் உருவாக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மிதிவண்டியின் உறுப்புகளைப் பட்டியலிட்டு, எவற்றின் எடையைக் குறைக்கலாம், எவற்றைக் குறைத்தல் ஆகாது எனக் காரணத்துடன் எழுதுக.
2. ‘விரைவா, பாதுகாப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.